உவர்ச்சேற்றில் ஓர் ஏ.டி.வி.: இறால் பண்ணைக்காக வீட்டிலேயே செய்த மாற்றங்களும் அவற்றில் நேர்ந்த தவறுகளும்

இடமும் தேவையும்

தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் மண்பாதையின் கடைசியில் என் மைத்துனரின் வனாமி இறால் பண்ணை இருக்கிறது. ஆறு குளங்கள், அவற்றைச் சுற்றி வரப்புகள், கடைசிக் குளத்தைத் தாண்டினால் உவர்நிலம், அதற்கப்பால் பாக் நீரிணைக் கடல். கோடையில் அந்த வரப்பின்மீது சரக்கு ஆட்டோகூடப் போய்விடும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் அங்கே கால் வைக்க முடியாது. பாக் நீரிணையில் நீர் ஏறி வற்றும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், நிலம் ஏறத்தாழக் கடல் மட்டத்திலேயே கிடப்பதால், வாடைக்காற்று கடல்நீரைக் கரைப்பக்கம் தள்ளும் நாட்களில் மழைநீர் வடிய வழியின்றி நின்றுவிடுகிறது. வரப்பின் ஓரங்களும் குளங்களுக்கு இடையிலான தாழ்ந்த பாதையும் முழங்கால் அளவுக் கருஞ்சேறாகிவிடுகின்றன.

இறாலுக்கு மழை தெரியாது. ஒரு நாளில் நான்கு முறை தீவனம் போட்டாக வேண்டும். 25 கிலோ மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு அந்தச் சேற்றில் போன வேலையாள் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகுதான், கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்கான நான்கு சக்கரத் திறந்த வண்டியான ஏ.டி.வி. ஒன்றைப் பழையதாக வாங்கும் எண்ணம் என் மைத்துனருக்கு வந்தது. டிராக்டரை அதற்கு முந்தைய ஆண்டே இறக்கிப் பார்த்தாயிற்று. அது புதைந்ததோடு வரப்பையும் உடைத்துவிட்டது.

வாங்கிய வண்டி 400 சி.சி. வகையைச் சேர்ந்தது. கார்புரேட்டர், ரேடியேட்டர் குளிர்விப்பு, கியர் விகிதத்தைத் தானாக மாற்றிக்கொண்டு பெல்ட்டில் ஓடும் சி.வி.டி., லோ கியர், வேண்டும்போது மாற்றிக்கொள்ளும் நான்கு சக்கர இயக்கம், 25 அங்குல டயர் ஆகியவை அதில் இருந்தன. சாலையில் ஓட்டுவதற்கான பதிவு அதற்குக் கிடையாது என்பதால், இராமநாதபுரத்தில் உள்ள என் பட்டறைக்கும் பண்ணைக்கும் இடையே ஒவ்வொரு முறையும் குட்டி யானையில்தான் ஏற்றி இறக்கினோம். நான் இருசக்கர வாகன மெக்கானிக்; இந்த வகை வண்டியில் அதற்குமுன் கை வைத்ததில்லை. வேலை முழுவதும் என் வீட்டுக் கொட்டகையிலும் பட்டறையிலும் நடந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டி ஓடுவது பண்ணையின் பட்டா நிலத்துக்குள் மட்டுமே. கடல் ஏறி இறங்கும் சேற்றுப்பரப்பும் காரங்காடு போன்ற அலையாத்திப் பகுதிகளும் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின்படி மிகக் கடுமையான பாதுகாப்புக்கு உட்பட்டவை. நண்டும் மட்டியும் வாழ்வதும், வலசை வரும் பறவைகள் இரை தேடுவதும் அங்கேதான். அந்தச் சேற்றில் விளையாட்டுக்காக வண்டி விடுவதை நான் ஏற்கமாட்டேன்.

முதல் சுற்று

செப்டம்பரில் மூன்று மாற்றங்களைச் செய்தேன். 25 அங்குல டயரைக் கழற்றிவிட்டு, துடுப்புபோல் ஆழமான பட்டைகள் கொண்ட 28 அங்குலச் சேற்று டயரைப் போட்டேன். சஸ்பென்ஷனுக்கு மேல் தாங்கு பட்டைகள் வைத்து உடலை 2 அங்குலம் உயர்த்தினேன். இன்ஜின் காற்று இழுக்கும் வாயிலிருந்து ஹேண்டில்பார் உயரம்வரை 2 அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை ஏற்றினேன். பார்ப்பதற்கு வண்டி கம்பீரமாக இருந்தது. காய்ந்த வரப்பிலும் தண்ணீர் பாய்ச்சி நனைத்த ஓரங்களிலும் ஓட்டிப் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. இரண்டாம் நாள் இரவு நான்கு மூட்டைத் தீவனத்துடன் மைத்துனர் ஐந்தாம் குளத்தை நோக்கிப் போனபோது, குளத்துக்கு 40 மீட்டர் முன்பாக வண்டி அமிழ்ந்தது. மேலே வந்துவிடும் என்று நம்பி ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்திருக்கிறார். சக்கரங்கள் சுழலச் சுழல வண்டி இறங்கியது. முதலில் ரப்பர் கருகும் வாடை, பிறகு சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு, பிறகு சக்கரங்கள் நின்றன. இன்ஜின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் அதுவும் அணைந்தது. எனக்குத் தொலைபேசியில் அழைத்து, “மச்சான், வண்டி உளையில உக்காந்துருச்சு, செல்ப் அடிக்கவா?” என்று கேட்டார். “அடிக்காதீங்க மாப்ள, சாவியை எடுத்துட்டு மேல வந்துருங்க” என்று சொன்னேன். இன்ஜினின் உள்ளே தண்ணீர் போயிருந்து, அந்த நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால், அழுத்தி ஒடுக்க முடியாத நீரில் பிஸ்டன் முட்டி, அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த வண்டியில் பிழைத்தவற்றுள் மிக விலையுயர்ந்தது இன்ஜின்தான். அது பிழைத்ததற்கு அவர் அந்த நேரத்தில் என்னைக் கேட்டதே காரணம்.

பிரித்துப் பார்த்தபோது

மறுநாள் காலையில் ஆறு பேர் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்தோம். பட்டறைக்குக் கொண்டுவந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினேன். துளையிலிருந்து தண்ணீர் வரவில்லை. மேலே ஏற்றிய குழாய் தன் வேலையைச் செய்திருந்தது. வண்டி அணைந்தது சூட்டினால்தான்.

அடுத்து சி.வி.டி. உறையைத் திறந்தேன். உள்ளே சுமார் அரை லிட்டர் சேற்றுநீர் தேங்கியிருந்தது. அதன்மேல் கருப்புப் பஞ்சுபோல ரப்பர் துகள் மிதந்தது. பெல்ட்டை வெளியே எடுத்து விரல்களுக்கிடையே நகர்த்திக்கொண்டே வந்தபோது, ஓரிடத்தில் மட்டும் அதன் இரு பக்கங்களும் உள்வாங்கி உடுக்கையின் இடுப்புபோல் குறுகியிருந்தது. அந்தத் தேய்மானம் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டது: சக்கரம் சேற்றில் பிடிபட்டு நிற்க, பெல்ட்டைப் பிடித்துச் சுழற்றும் கப்பியான இன்ஜின் பக்கக் கிளட்ச் மட்டும் சுழன்று, நகராத பெல்ட்டின் ஒரே இடத்தைத் தேய்த்திருக்கிறது. நீர் புகுந்த வழியைத் தேட அதிக நேரமாகவில்லை. சி.வி.டி. குளிர்வதற்குக் காற்றை இழுக்கும் வாய் ஒன்று, சூடான காற்றை வெளியேற்றும் வாய் ஒன்று என இரண்டு உண்டு. நான் இன்ஜினின் வாயை மட்டும் உயர்த்திவிட்டு இவ்விரண்டையும் தொழிற்சாலை வைத்த உயரத்திலேயே விட்டிருந்தேன்.

இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் முன் டிஃபரன்ஷியலின் ஆயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இறங்கியது. இதற்கும் காரணம் மூச்சுத் துளைதான். ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷியல் குளிர்ந்த சேற்றில் சட்டென்று முழுகும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெற்றிடத்தை உண்டாக்குகிறது. மூச்சுத் துளை நீருக்குள் இருந்தால் அந்த வழியாகவும், அடைபட்டிருந்தால் ஆயில் சீலின் ஓரமாகவும் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது.

ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே களிமண் சிமெண்டுபோல் இறுகியிருந்தது. விசிறியோ சுற்றவே இல்லை. அதன் ஒயர் இணைப்பைப் பிரித்தபோது செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. அது அந்த ஓர் இரவில் பூத்ததன்று. செப்டம்பரிலிருந்து உப்புநீர் தெறித்துத் தெறித்துச் சேர்ந்தது. காய்ந்த வரப்பில் ஓட்டியபோது விசிறி சுற்றாததை யாரும் கவனிக்கவில்லை.

எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. டயர் நன்றாகவே பிடித்திருந்தது. அந்தப் பிடிப்பும் எடையும் தந்த சுமையைப் பெல்ட் தாங்கவில்லை. பெல்ட்டின் சூடு வெளியேறவில்லை. இன்ஜின் சூட்டை ரேடியேட்டர் இறக்கவில்லை. நான் வேலையைக் காலிலிருந்து தொடங்கியிருந்தேன், மூச்சிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

சேற்றை அளந்தது

மறு வேலையைத் தொடங்குமுன் பண்ணைக்குப் போய், ஒன்றரை மீட்டர் கடப்பாரையால் பாதை முழுவதையும் பத்தடிக்கு ஒருமுறை குத்திப் பார்த்தோம். பெரும்பாலான இடங்களில் 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை கருஞ்சேறும், அதற்குக் கீழே கடப்பாரையைத் தடுத்து நிறுத்தும் இறுகிய களியும் இருந்தன. ஐந்தாம் குளத்தின் வடிகால் வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் மட்டும் கடப்பாரை கைப்பிடிவரை இறங்கியது. வண்டி புதைந்தது அங்கேதான்.

டயரைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்த அளவீடு மிக முக்கியம். கீழே உறுதியான தளம் இருந்தால், ஆழமான பட்டை கொண்ட டயர் சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கித் தளத்தைப் பிடித்து வண்டியை நகர்த்தும். தளமே இல்லாத உளையில் அதே டயர் மண்வெட்டியாகி, தனக்குத் தானே குழி தோண்டும். அங்கே வேண்டியது அகலமும் குறைந்த காற்றழுத்தமும் கொண்டு மேலே மிதக்கும் டயர். ஒரே பாதையில் இரண்டு வகைச் சேறும் இருக்கும்போது எந்த டயரும் இரண்டுக்கும் ஈடு கொடுக்காது. ஆகவே அந்த 6 மீட்டர் நீளத்தில் வண்டியை மாற்றாமல் பாதையை மாற்றினோம். பழைய வீடு இடித்ததில் கிடைத்த பனங்கட்டைகளைக் குறுக்காக அடுக்கி, அடியில் சீமைக்கருவேலத் தழைக்கட்டுகளைப் போட்டு, கயிற்றால் பிணைத்தோம். இந்த வேலையில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தந்த மாற்றம் இதுதான். இதில் ஒரு ஸ்பேனருக்கும் வேலையில்லை.

மூச்சுக்குழாய்கள்

இரண்டாம் சுற்றில் மூன்று குழாய்கள் ஏறின: இன்ஜினுக்கு ஒன்று, சி.வி.டி.க்குள் காற்று போக ஒன்று, சூடான காற்று வெளியேற ஒன்று. குழாயின் உள்பரப்பு தொழிற்சாலை வைத்த வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. சிறியதானால் இன்ஜினுக்குக் காற்று போதாமல் பெட்ரோல் கலவை அடர்ந்துவிடும், பெல்ட் வெந்துபோகும். வளைவுகள் காற்றைத் தடுப்பதால், செங்கோணமாக ஒரே எல்போ வைக்காமல் பாதிக் கோண எல்போக்கள் இரண்டை இடைவெளிவிட்டு வைத்தேன். சைலன்சருக்கு அருகே செல்லும் துண்டில் பி.வி.சி. இளகிவிடும் என்பதால் அங்கே மட்டும் ரேடியேட்டர் ஹோஸ் போட்டு கிளாம்பால் இறுக்கினேன். காற்று இழுக்கும் வாயும் சூடான காற்று வெளியேறும் வாயும் எதிரெதிர்த் திசையில் திரும்பியிருக்கின்றன. இல்லையென்றால் வெளியேற்றிய சூட்டையே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இணைப்புகள் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்கின்றனவா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டியை ஐடிலிங்கில் ஓடவிட்டு, இன்ஜின் குழாயின் மேல்வாயை உள்ளங்கையால் முழுவதும் மூட வேண்டும். கை உள்ளே இழுபட்டு, இரண்டொரு நொடியில் இன்ஜின் அணைய வேண்டும். என் முதல் சோதனையில் இன்ஜின் திணறியதே தவிர அணையவில்லை. ஏர் பில்டர் பெட்டியின் மூடி ரப்பரில் நூலளவு இடைவெளி இருந்திருக்கிறது. காற்று நுழையும் அந்த வழியில் தண்ணீரும் நுழையும். சிலிகான் பூசி ஒரு நாள் காயவிட்ட பின் சோதித்தபோது, கையை வைத்ததுமே அணைந்தது.

இரண்டு டிஃபரன்ஷியல்கள், கியர்பாக்ஸ், கார்புரேட்டர் ஆகிய எல்லாவற்றின் சிறிய மூச்சுக்குழல்களையும் நீட்டி, மீட்டர் மூடிக்குள் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு கட்டினேன். கார்புரேட்டரின் குழலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது நீரில் முழுகினால் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தின் அழுத்தம் மாறி, இன்ஜினுக்குள் ஒரு சொட்டு நீர் போகாமலேயே வண்டி நின்றுவிடும். குழாயின் நீளத்தால் கலவை மாறியதால் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையான ஜெட்டையும் ஒரு படி மாற்ற வேண்டியிருந்தது. பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அதைச் சரிசெய்தேன். சைலன்சரை மேலே ஏற்றவில்லை. இன்ஜின் ஓடும்வரை புகையின் அழுத்தமே நீரைத் தள்ளிவிடும். இந்தப் பண்ணையின் ஆழத்துக்கு அது போதும்.

டயரும் பெல்ட்டும்

25 அங்குலத்திலிருந்து 28-க்குப் போனால் தரையிலிருந்து கிடைக்கும் கூடுதல் உயரம் ஒன்றரை அங்குலமே. ஆனால் சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் 12 சதவீதம் கூடுகிறது. அதாவது கியர் விகிதம் அந்த அளவுக்குக் கனத்துவிடுகிறது. டயரின் எடையும் சேற்றின் ஒட்டுதலும் இதற்குமேல். முதல் சுற்றில் இதைக் கணக்கில் எடுக்காததே பெல்ட் சறுக்கியதற்கு அடிப்படை. டயரை 27 அங்குலத்துக்குக் குறைத்தேன். இன்ஜின் பக்கக் கிளட்ச்சில் எடை குறைந்த வெயிட்டுகளையும், பின்பக்கக் கிளட்ச்சில் இறுக்கமான ஸ்பிரிங்கையும் போட்டேன். எடை குறைந்ததால் இன்ஜின் நல்ல சுழற்சிக்கு வந்த பிறகே விகிதம் மாறுகிறது. ஸ்பிரிங் இறுகியதால் பெல்ட் நழுவாமல் பிடிபடுகிறது. உச்ச வேகம் குறைந்தது. அது இங்கே தேவையில்லை. சேற்றில் இறங்குமுன்பே லோ கியரும் நான்கு சக்கர இயக்கமும் போட்டிருக்க வேண்டும், மூன்று நொடிகளுக்குமேல் சக்கரம் வெறுமனே சுழன்றால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட வேண்டும் என்பவற்றைப் பண்ணையில் எழுதியே ஒட்டியிருக்கிறோம்.

உடலை உயர்த்திய 2 அங்குலத்தையும் எடுத்துவிட்டேன். உயர்த்தினால் ஆக்சிலின் மூட்டுகள் எப்போதும் சாய்ந்த கோணத்திலேயே சுழல்கின்றன. அதனால் அவற்றின் ரப்பர் உறைகள் மடிப்பில் கிழிந்து, உள்ளே உப்புச்சேறு போய்விடுகிறது. மூட்டைகளை ஏற்றியபின் வண்டி கவிழும் ஆபத்தும் உயரத்தோடு கூடுகிறது. டயர் அழுத்தம் 6 பி.எஸ்.ஐ. பெட்ரோல் நிலையத்து மீட்டர் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது என்பதால் தாழ்ந்த அழுத்தத்துக்கான மீட்டர் தனியாக வாங்கினோம். இதற்குக் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும்.

ரேடியேட்டர்

ரேடியேட்டரை முன் கேரியருக்கு மேல் ஏற்றி, விசிறியையும் அதோடு மாற்றினேன். ஹோஸ்கள் நீளும்போது உள்ளே காற்று அடைபடும். ஆகவே நிரப்பும் வாய் அமைப்பிலேயே உயரமான இடத்தில் இருக்குமாறு வைத்து, முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்திக் குமிழ்கள் நிற்கும்வரை ஓடவிட்டேன். விசிறியைக் கையாலும் இயக்க ஹேண்டில்பாரில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அழுத்தி, சத்தம் கேட்ட பிறகே வண்டி கொட்டகையை விட்டு நகர வேண்டும்.

உப்பு

சேற்று வண்டி பற்றி உள்நாட்டு மெக்கானிக்குகளிடம் கேட்டால் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி இந்தக் கடற்கரைக்குப் பொருந்தாது. வயல் சேறு காய்ந்தால் உதிர்ந்துவிடும். உவர்ச்சேறு காய்ந்தாலும் அதன் உப்பு இரவுக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பையும் அலுமினியத்தையும் அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில் அதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். பண்ணைக் கிணறு உவர். ஊருணித் தண்ணீர் மனிதர் குடிப்பதற்கானது, அதில் வண்டி கழுவ யாருக்கும் மனம் வராது. கொட்டகைக் கூரையிலிருந்து விழும் மழைநீரை 1,000 லிட்டர் தொட்டியில் பிடித்து வைத்தோம். முதலில் உவர்நீரால் சேற்றை இளக்கித் தள்ளிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் மழைநீரைப் பயன்படுத்தினால் போதுமென்று பழக்கத்தில் கண்டோம்.

எதிர்பாராத இன்னோர் எதிரி பிளீச்சிங் கரைசல். ஒரு குளத்தின் சேறு டயரில் ஒட்டிக்கொண்டு அடுத்த குளத்துக்குப் போனால் வெள்ளைப்புள்ளி நோயும் கூடவே போகலாம். அதனால் பண்ணை வாசலில் பிளீச்சிங் நீர் நிரப்பிய பள்ளத்தில் சக்கரங்களை நனைத்த பிறகே உள்ளே விடுவது வழக்கம். அந்தக் குளோரின் உப்பைவிட வேகமாக அலுமினிய ரிம்மையும் பிரேக் காலிப்பரையும் வெளுத்துப் பொரிக்கிறது. நோய்த்தடுப்பைக் கைவிட முடியாது. ஆகவே வண்டியைப் பண்ணைக்குள்ளேயே நிறுத்திவைத்து, நாளொன்றுக்கு ஒருமுறை மட்டும் டயரில் கரைசலைத் தெளித்து, சில நிமிடம் விட்டுக் கழுவிவிடுகிறோம். கழுவுமிடம் குளங்களிலிருந்து தள்ளி, சரிவு வெளிப்பக்கம் இருக்குமாறு அமைந்திருக்கிறது. கிரீஸோ ஆயிலோ குளத்தில் கலக்கக் கூடாது.

ஒயர் இணைப்புகள் ஒவ்வொன்றையும் பிரித்து, பச்சையைச் சுரண்டி, சிலிகான் கிரீஸ் நிரப்பி மறுபடி பூட்டினேன். ஒன்றரை நாள் பிடித்த, பார்ப்பவருக்குத் தெரியாத அந்த வேலைக்குப் பின் மின்சாரக் கோளாறு ஒன்றுகூட வரவில்லை. வீல் பேரிங்குகளிலும் மூட்டுகளிலும் படகு இன்ஜின்களுக்கு விற்கும் நீர் தாங்கும் கிரீஸைப் போட்டிருக்கிறேன். தொண்டியில் படகுச் சாமான் கடையிலேயே கிடைக்கிறது.

இழுத்து வெளியே எடுப்பது

முன்பக்கம் 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ இழுக்கும் வின்ச் ஒன்றைப் பொருத்தினோம். ஆனால் உவர்நிலத்தில் கொக்கியை எதில் மாட்டுவது? மரம் கிடையாது. கடப்பாரையை அடித்து அதில் கட்டிப் பார்த்தோம். சேற்றைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. பண்ணையில் காவல் இருக்கும் பெரியவர் முன்னாள் மீனவர். “தம்பி, வள்ளத்து நங்கூரத்தை விட்டுப் பாருங்க” என்றார். நாட்டுப்படகின் நான்கு நகம் கொண்ட இரும்பு நங்கூரத்தை 15 மீட்டர் முன்னே சாய்வாகப் புதைத்து, கயிறு தரையோடு தரையாக இருக்குமாறு வின்ச்சை இயக்கியபோது, நங்கூரம் முதலில் ஒரு முழம் நகர்ந்து பின் களியில் நகம் பதித்து நின்றது. கயிறு மேல்நோக்கிச் சாய்ந்தால் நங்கூரம் கிளம்பிவிடும். தாழ்ந்திருக்கும்வரை இழுக்க இழுக்க ஆழம் போகும். கயிறு அறுந்தால் ஆளை வெட்டும் என்பதால், இயக்கும்போது நனைத்த சாக்கு ஒன்றைக் கயிற்றின் நடுவே போட்டுவிட்டு எல்லோரும் பக்கவாட்டில் விலகி நிற்கிறோம்.

இப்போதைய நிலை

டிசம்பர் முழுவதும் வண்டி நாள்தோறும் ஓடியது. சுமை மூன்று மூட்டைக்குமேல் ஏற்றுவதில்லை; ஓட்டுபவர் ஒருவர் மட்டுமே, ஹெல்மெட்டோடு. இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் நங்கூரத்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்தது. பெல்ட்டைத் தை மாதம் கழற்றிப் பார்த்தேன். அகலம் சீராக இருந்தது, கருகல் இல்லை. டிஃபரன்ஷியல் ஆயில் தெளிவாக இறங்கியது.

குறை இரண்டு இருக்கின்றன. சேற்றில் கலந்த மணலும் சிப்பித்தூளும் பின்பக்க பிரேக் பேடை ஏழு வாரத்தில் தேய்த்துவிட்டன. இதற்கு அடிக்கடி மாற்றுவதைத் தவிர வேறு வழி எனக்குப் புலப்படவில்லை. வலது பின் ஆக்சிலின் ரப்பர் உறையில், பனங்கட்டைச் சிராய் ஒன்று கிழித்த அரை அங்குலக் கீறல் இருக்கிறது. புதிய உறை வந்துவிட்டது. கட்டைகளின் முனைகளை வாய்ச்சியால் மழித்து முடித்ததும் அதை மாட்டுவேன்.